15 வாட் வால்வு ஹெட்டுக்கு ஒரு கையில் தூக்கும் 1×12 பெட்டி எது? சோதிக்கும் பெட்டியில் உறுமலும் இருக்கிறது

ஆறுகம்பி:
வணக்கம். ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) 15 வாட், கடைசிக் கட்டத்தில் இரண்டு இஎல்84 வால்வுகள். பின்பக்கம் 8 ஓம் ஜாக் ஒன்று, 16 ஓம் ஜாக் ஒன்று. இப்போதுள்ள 2×12 பெட்டி (12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு) 26 கிலோ. ஒரு கையில் கிதார், மறு கையில் அது என்று மாடிப்படி ஏற முடியாது.

பார்த்து வைத்திருப்பவை மூன்று. முதலாவது, எல்லாப் பக்கமும் மூடிய குட்டி 1×12: வெளி அளவு 40×40×25 செ.மீ., 15 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), 8 ஓம், 14 கிலோ. இரண்டாவது, முதுகு பாதி திறந்த 1×12: 50×45×28 செ.மீ., 18 மி.மீ. பிளைவுட், 16 ஓம், 17 கிலோ. மூன்றாவது ஒரு 1×10, 9 கிலோ.

முதலாவது இப்போது சோதனைக்குக் கையில் இருக்கிறது. ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் "கிர்ர்" என்று உறுமுகிறது. அது போக, எது வாசித்தாலும் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஒலி. சாதாரண கிதார் கேபிளில், 16 ஓம் ஜாக்கில் இணைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் கெட்டிருக்கிறதா, பெட்டியே இப்படித்தானா?

ஓம்கணக்கு:
முதலில் ஆம்ப்பை அணைத்துவிட்டு அந்த கேபிளைக் கழற்றுங்கள். உறுமலைப் பிறகு பார்க்கலாம்.

16 ஓம் ஜாக்கில் 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் வால்வுகள் பார்க்கும் சுமை பாதியாகிவிடும். மின்னோட்டம் கூடி இஎல்84 சீக்கிரம் தேயும். ஒரு படி வித்தியாசம் என்பதால் உடனே எதுவும் எரிந்திருக்காது, ஆனால் அதையே வழக்கமாக்காதீர்கள். தலைகீழாக, 8 ஓம் ஜாக்கில் 16 ஓம் ஸ்பீக்கர் போட்டால் மின்னோட்டம் குறையும், மின்னழுத்த உச்சங்கள் ஏறும். அந்தப் பக்கம் எல்லை வரை போனால்தான் 'ஸ்பீக்கரே இல்லாமல் ஆம்ப்பை ஓட்டுவது'. அப்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் (வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருப்பது) எழும் மின்னழுத்தம் சாக்கெட்டில் பொறி தட்டும், அதன் கம்பிச்சுற்றே எரிந்து போகலாம்.

கிதார் கேபிள் ஆபத்தாவதும் இதனால்தான். 15 வாட், 8 ஓம் என்றால் ஓடுவது ஏறக்குறைய 1.4 ஆம்பியர். அதற்கு அந்தக் கேபிள் உருகாது, பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் அதன் நடுக்கம்பி மெல்லியது, பிளக் அருகே மடங்கி மடங்கி அறும். கிதாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் அறுந்தால் சத்தம் நிற்கும், அவ்வளவுதான். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அறுந்தால் மேலே சொன்னது நடக்கும். 1.5 சதுர மி.மீ. இரட்டைக் கம்பி, ஷீல்டு இல்லாதது, ஒரு மீட்டர் நீளம், இரு முனையிலும் கால் அங்குல மோனோ பிளக். நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், உள்ளே ஸ்பீக்கரை யாராவது மாற்றியிருக்கலாம். கேபிளின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மறுமுனையை ஆம்ப்பில் செருகாமல், பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 16 ஓம் 11 முதல் 13 வரை. மீட்டர் அளப்பது கம்பிச்சுருளின் டிசி தடையை மட்டும் என்பதால் எண் எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும். அளக்கும்போது கேபிளை ஆட்டிப் பாருங்கள், எண் துள்ளினால் பற்றவைப்பு சரியில்லை.

ஆறுகம்பி:
6.6 காட்டுகிறது, ஆட்டினாலும் மாறவில்லை. 1.5 சதுர மி.மீ. கேபிள் செய்து 8 ஓம் ஜாக்குக்கு மாற்றிவிட்டேன். கீழ்ப்பக்கம் கொஞ்சம் இறுக்கமானது போல் இருக்கிறது. உறுமல் போகவில்லை, குடமும் போகவில்லை.

மரத்தூள்:
இரண்டையும் தனித்தனியாகப் பிடியுங்கள். உறுமல் பழுது. குடம் பெட்டியின் குணம், அதைப் பழுது பார்க்க முடியாது.

ஹெட்டைப் பெட்டி மேலிருந்து இறக்கி, பக்கத்தில் ஸ்டூலில் வைத்து அதே ஏ தந்தியை மீட்டுங்கள். உறுமல் நின்றுவிட்டால் குற்றவாளி பெட்டி இல்லை. அதிர்வில் வால்வோ, அதைப் பிடிக்கும் கவ்வியோ, ஹெட்டின் தகடோ ஆடுகிறது. நிற்காவிட்டால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் உள்ளங்கையால் பெட்டியை இடம் இடமாக அழுத்துங்கள்: பின்பலகை, ஜாக் தகடு, கைப்பிடி, மூலைத் தகடுகள், முன்துணிச் சட்டம். எங்கே அழுத்தினால் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு. அதற்கும் அகப்படாவிட்டால் பின்பலகையைக் கழற்றுங்கள். ஜாக்கிலிருந்து போகும் கம்பி கோனின் (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு) பின்பக்கத்தை உரசுகிறதா என்று பாருங்கள், மூடிய பெட்டிகளில் அடிக்கடி நடப்பது.

கடைசியாக ஸ்பீக்கர். ஐந்து விரல்களையும் நடு மூடியைச் சுற்றிச் சமமாக வைத்து கோனை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விடுங்கள். மணலில் உரசும் ஒலி கேட்டால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) காந்த இடுக்கில் தட்டுகிறது என்று அர்த்தம். ஒரு பக்கமாக அழுத்தினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எட்டு போல்ட்டில் ஒன்றை மட்டும் முறுக்கித் தள்ளியிருந்தாலும் சட்டம் வளைந்து இதே உரசல் வரும். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

இனி குடம். 40×40×25 என்றால் பலகைத் தடிமனும் முன்துணிக்கான பள்ளமும் போக உள்ளே 27 லிட்டர்தான் மிஞ்சும். 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் பலவற்றின் இயல் அதிர்வெண் 75 ஹெர்ட்ஸ் வாக்கில். சின்னப் பெட்டியில் அடைத்தால் உள்ளே இருக்கும் காற்றே ஸ்பிரிங் போல கோனைத் தள்ளுவதால் அது 100-ஐத் தாண்டி ஏறிவிடும். தாழ் இ தந்தி 82 ஹெர்ட்ஸ், ஏ தந்தி 110. ஆக, இ தந்தியின் அடி மெலியும், ஏ தந்திக்குப் பக்கத்திலேயே ஒரு மேடு முளைக்கும். உங்கள் உறுமல் சரியாக ஏ-யில் தலைகாட்டுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆடுகிற பலகைக்கு அங்கேதான் அதிக அடி விழுகிறது.

12 அங்குலத்துக்கு 40 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் கை வைப்பது பெட்டியின் அளவில். அங்கேதான் தவறுகிறது. குறைக்க வேண்டியது காந்தத்தையும் பலகைத் தடிமனையும்.

உங்கள் இரண்டாவது பெட்டியையே எடுத்துக்கொள்வோம், முதுகு மூடியது என்று வைத்தே கணக்கிடுகிறேன். 50×45×28-க்கு ஸ்பீக்கர் துளை போக மொத்தப் பலகைப் பரப்பு 0.92 சதுர மீட்டர். பிர்ச் பிளைவுட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 680 கிலோ. எல்லாம் 18 மி.மீ. என்றால் மரம் மட்டும் 11.3 கிலோ. ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகையை மட்டும் 18-இல் விட்டு மற்றதை 12 மி.மீ. ஆக்கினால் 8.2. மூன்று கிலோ போயிற்று. 12 மி.மீ. பலகை தனியாக நின்றால் அதிரும். அதனால் உள் மூலைகளில் 20×20 மி.மீ. சட்டம் ஒட்டி, முன்பலகையின் நடுவிலிருந்து பின்பலகைக்கு ஒரு குறுக்குக் கட்டை கொடுங்கள். பைன் பலகை போட்டால் 18 மி.மீ. தடிமனிலேயே ஏறக்குறைய 12 மி.மீ. பிளைவுட்டின் எடைதான் வரும், ஆனால் இடித்தால் பள்ளம் விழும். தூக்கித் திரியும் பெட்டிக்கு எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். கனம், மூலை நொறுங்கும், திருகு ஒரு முறை கழற்றினாலே பிடி தளரும்.

கோன்பித்து:
ஸ்பீக்கர் பக்கத்தை நான் சொல்கிறேன். செலஸ்டியன் விண்டேஜ் 30: 60 வாட், 100 டெசிபல், எடை 4.7 கிலோ. அதே நிறுவனத்தின் நியோ கிரீம்பேக்: 60 வாட், 98 டெசிபல், 1.9 கிலோ. நியோடிமியம் காந்தத்துக்கு மாறிய ஒரே காரணத்தால் 2.8 கிலோ இறங்குகிறது. மரத்தூள் சொன்ன 8.2, ஸ்பீக்கர் 1.9, கைப்பிடி, மூலை, சட்டம், போர்வைத்துணி எல்லாம் சேர்த்து 1.7 என்று வைத்தால் 12 கிலோவுக்குள் வந்துவிடும். 27 லிட்டர் எம்டிஎஃப் பெட்டியைவிடப் பெரியது, ஆனாலும் இரண்டு கிலோ இலேசு.

டெசிபல் எண்ணை (ஒரு வாட்டுக்கு ஸ்பீக்கர் தரும் சத்தம்) கவனிக்காமல் விடாதீர்கள். 3 டெசிபல் என்பது ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம். 97 டெசிபல் ஸ்பீக்கரில் 15 வாட் தரும் சத்தத்தை 100 டெசிபல் ஸ்பீக்கர் ஏழரை வாட்டிலேயே தந்துவிடும். டிரம்மோடு வாசிக்க 15 வாட் போதுமா என்ற கேள்விக்கு விடை பாதி இங்கே இருக்கிறது.

தாங்கும் வாட் 30-க்கு மேல் இருக்கட்டும். 15 வாட் என்று எழுதியிருப்பது சுத்தமான ஒலிக்கு. முழுக்கத் திருகி ஒலி உடையும் நிலையில் வால்வு ஆம்ப் அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை தள்ளும். செலஸ்டியனின் 25 வாட் கிரீன்பேக் ஸ்பீக்கரை ஒற்றையாகப் போட்டு நாள் முழுக்க முழுச் சத்தத்தில் ஓட்டுவது அதற்கு அநியாயம்.

மூடிய முதுகா, திறந்த முதுகா? மரத்தூள் மூடியதன் பக்கம் சாய்வார் போலிருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. தூக்கிச் செல்லும் ஒற்றை ஸ்பீக்கருக்குப் பாதி திறந்த முதுகுதான் வசதி. 12 அங்குல கோன் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் டார்ச் விளக்கு மாதிரி நேராக மட்டும் அடிக்கும். பின்வழியாகப் போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பினால்தான் பக்கத்தில் நிற்பவருக்கும் கிதார் கேட்கும்.

மரத்தூள்:
சுவர் இருந்தால் சரி. திறந்த வெளியில் பின்னால் போனது போனதுதான், கீழ்ச்சுரமும் கூடவே போகும். அதனால் பின்பலகையை மூன்று துண்டாக வெட்டுங்கள், நடுத்துண்டு மட்டும் ஆறு போல்ட்டில் கழற்றும்படி. போல்ட்டுக்கு உள்ளே டி-நட் (மரத்தில் பதியும் உலோக மரை) அடித்துவிட்டால் எத்தனை முறை கழற்றினாலும் தளராது. மாட்டும் விளிம்பில் 3 மி.மீ. நுரைப் பட்டை.

முன்பலகைத் துளை செலஸ்டியன் 12 அங்குலத்துக்கு 283 மி.மீ. விட்டம், போல்ட் வட்டம் 297 மி.மீ. வேறு நிறுவனம் என்றால் அதன் வரைபடத்தைப் பார்த்த பிறகே ரம்பத்தை எடுங்கள். கைப்பிடியை மேற்பலகையின் நடுவில் வைக்காதீர்கள். எடை முன்பக்கம் இருப்பதால் தூக்கும்போது பெட்டி முகம் குப்புறச் சாய்ந்து முழங்காலில் இடிக்கும். எல்லாம் மாட்டியபின் ஒரு உருளைக் கம்பி மேல் வைத்துச் சமநிலைக் கோட்டைக் கண்டுபிடித்து, அதன் மேல் துளை போடுங்கள். ஹெட்டின் நான்கு கால்களும் மேலே அடங்குகிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். குட்டிப் பெட்டிகளில் இதைக் கோட்டை விடுகிறவர்கள் நிறைய.

ஆறுகம்பி:
ஹெட்டை இறக்கி வைத்தேன், உறுமல் அப்படியே. பின்பலகையின் கீழ் இடது மூலையை அழுத்தியதும் பாதி குறைந்தது. அங்கே இரண்டு திருகுகள் பிடியே இல்லாமல் சுற்றுகின்றன. கழற்றிப் பார்த்தால் ஜாக் கம்பியும் கோனைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கம்பியைச் சட்டத்தோடு கட்டி, துளைகளில் பசையும் தீக்குச்சியும் திணித்து, காய்ந்தபின் முறுக்கினேன். உறுமல் சுத்தமாகப் போய்விட்டது. குடம் இருக்கிறது.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 12 மி.மீ. பிளைவுட்டில் நானே அடிக்கப் போகிறேன். 1×10-ஐ மறந்துவிடலாமா? ஸ்பீக்கர் 8 ஓம் வாங்குவதா, 16 ஓமா?

கோன்பித்து:
1×10 மோசமில்லை. ஒலி பக்கவாட்டில் கொஞ்சம் அதிகமாகவே பரவும், பயிற்சிக்குப் போதும். பேஸ் கிதாரும் டிரம்மும் இருக்கும் இடத்தில் அடித்தளம் காணாது. 12 கிலோவில் 12 அங்குலம் கிடைக்கும்போது வெறும் மூன்று கிலோவுக்காக அதற்குப் போக வேண்டியதில்லை.

ஓம்கணக்கு:
16 ஓம் வாங்குங்கள். ஒற்றைப் பெட்டியாக 16 ஓம் ஜாக்கில் ஓடும். பின்னால் அதே மாதிரி இன்னொன்று செய்தால் இரண்டும் இணையாகச் சேர்ந்து 8 ஓம், 8 ஓம் ஜாக்குக்குப் பொருந்தும். 8 ஓமில் ஆரம்பித்தால் இரண்டாவது சேரும்போது 4 ஓம் ஆகும், உங்கள் ஹெட்டில் அதற்கு இடமில்லை. அதற்காகப் பெட்டியின் பின்னால் இப்போதே இணையாக இரண்டு ஜாக் வைத்துவிடுங்கள். இரண்டு பெட்டி சேரும் நாளில் 1.5 வோல்ட் பேட்டரியைக் கேபிள் முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் நுனியில் பட்டால் இரண்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரெதிராக நகர்ந்தால் கீழ்ச்சுரம் ஒன்றையொன்று தின்றுவிடும், ஒரு பெட்டியில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினால் சரியாகும்.