துணி விலை கேட்ட பாட்டியும் ஒன்பதாம் பாடமும்

ஆப்பிரிக்க மிஷனெரிப் பணித்தளங்களில் இருந்தவர்கள் மறக்க முடியாத ஒரு சந்திப்பை மட்டும் எழுதுங்கள். ஆண்டறிக்கை வேண்டாம்.

நாஞ்சில் வாத்தியார்:

மலாவியில், சோம்பா மலைக்கும் சில்வா ஏரிக்கும் நடுவே உள்ள சமவெளியில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். போய் இறங்கிய வாரம் சந்தையில் ஒரு பாட்டி என்னை நிறுத்தி, "சிட்டெஞ்சே என்ன விலை?" என்று கேட்டார். சிட்டெஞ்சே என்பது அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றும் பூப்போட்ட துணி. இந்தியரை அங்கே ம்வென்யே என்பார்கள். ம்வென்யே என்றால் கடைக்காரர் என்றே நினைப்பார்கள். நான் வேதாகமம் கற்றுக்கொடுக்க வந்தவன் என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படியானால் துணி இல்லையா?" என்றார்.

சீஷத்துவ வகுப்பை, அதாவது விசுவாசிகளுக்கு வேதம் கற்றுத்தரும் வகுப்பை, ஒரு மாமரத்தடியில் நடத்தினேன். பதினோரு பேர் வருவார்கள். எட்டுப் பாடங்களை நானே எழுதி, அங்கே பேசும் சிச்சேவா மொழியில் மொழிபெயர்க்கச் செய்து, நகல் எடுத்துக் கொடுத்தேன். வருகைப் பதிவேடும் வைத்திருந்தேன். ஆசிரியராக இருந்தவன் எங்கே போனாலும் பதிவேட்டை விடமாட்டான். டிசம்பர் வரை ஒழுங்காக வந்தார்கள். சனவரியில் ஐந்து பேரானார்கள், பிறகு மூன்று பேர். 'வரவில்லை, வரவில்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். ஆவிக்குரிய அனல் குறைந்துவிட்டது என்று ஒரு கடிதம்கூட ஊருக்கு எழுதிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

வகுப்பில் மிகவும் கூர்மையான ஒருவரைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. இரண்டு மைல் தள்ளி வேறொருவர் வயலில் குனிந்து மண்வெட்டியால் களை கொத்திக்கொண்டிருந்தார். இதைக் கன்யு என்பார்கள். நாள் கூலி வேலை. அங்கே சோளம் முழங்கால் உயரம் வளர்ந்து களையெடுக்க வேண்டிய நேரமும், வீட்டுக் குதிர் காலியாகும் நேரமும் ஒன்றாகவே வரும். குதிர் காலியானவன் அன்றைய மாவுக்காக அடுத்தவர் வயலில் கொத்தப் போகிறான். அவனுடைய சொந்த வயலில் களை மண்டுகிறது. ஏப்ரலில் விளைச்சல் பாதியாகிறது, அடுத்த சனவரியில் குதிர் இன்னும் சீக்கிரமாகவே காலியாகிறது. இந்தச் சுழலைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அவர் நிமிர்ந்து, "அபுசா, நீங்கள் ஏன் இவ்வளவு தூரம்?" என்றார். நான் போதகர் அல்ல என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் அபுசாதான். வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த எட்டுப் பேருக்கு அவர் கொத்திக்கொண்டே என் நான்காம் பாடத்தைச் சொன்னார். கர்த்தருடைய ஜெபம் பற்றிய பாடம் அது. 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று அதில் வரும். 'ஆகாரம்' என்பதற்கு ஆவிக்குரிய பொருள் என்ன என்று நான் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தேன். அவர் அதை முழுவதும் விட்டுவிட்டார். சிச்சேவாவில் அந்த வரியில் வருவது இரண்டு எளிய சொற்கள்: சக்குட்யா என்றால் சாப்பாடு, லேரோ என்றால் இன்று. "நாளைக்கு என்று கேட்கச் சொல்லவில்லை, இன்றைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார். இன்றைய மாவுக்காகக் கொத்துகிறவனுக்கு இந்த ஜெபம் தெரியும்" என்றார். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். என் வகுப்பில் யாரும் அப்படித் தலையாட்டியதில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:

வாத்தியார் ஐயாவின் பதிவேட்டைப் போல என்னிடம் ஒரு படிவம் இருந்தது. ஊரிலிருந்து மாதந்தோறும் வரும். அதில் 'ஞானஸ்நானம் பெற்றோர்' என்று ஒரு கட்டம். மலாவியின் தெற்கில் நான் இருந்தபோது பல மாதங்கள் அதில் பூஜ்யம்தான்.

2022 மார்ச்சில் தொடங்கிய காலரா அடுத்த ஆண்டும் தொடர்ந்தது. நாடு முழுவதும் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அது ஓய்வதற்குள் 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்து கிணறுகளையும் கழிப்பறைக் குழிகளையும் ஒன்றாக்கிவிட்டுப் போனது.

அங்கே ஒரு வீட்டில் மரணம் என்றால் சபையின் ம்வானோ பெண்கள், அதாவது பெண்கள் ஐக்கியத்தார், மாவும் விறகும் தலையில் சுமந்து வந்து இரவெல்லாம் பாடுவார்கள். காலரா மரணத்தில் அது கூடாது. உடலைக் குளிப்பாட்டவும் கூடாது, கூட்டம் சேரவும் கூடாது. கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு முன்னால் நான்தான் அதைச் சொல்லி எல்லோரையும் அனுப்பினேன். மாலையில் திரும்பிப் பார்த்தால், வீட்டுக்கு எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், இருபது முப்பது பெண்கள் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். கோபமாகத்தான் போனேன். அவர்களில் மூத்தவர், "அம்மா, நாங்கள் யாரையும் தொடவில்லை. பாட்டு தொற்றுமா?" என்று கேட்டார்.

கிருமி நாசினி வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இருட்டும் வரை பாடினார்கள். அந்த மாதப் படிவத்திலும் பூஜ்யம்தான் எழுதினேன்.

கணக்கர்:

நான் மிஷனெரி அல்ல. பிளான்டயரில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதியவன். சகோதரி படிவத்தைச் சொன்னதும் கேப் மக்ளியர் நினைவுக்கு வந்தது. மலாவி ஏரியின் தென்கோடியில், 1875-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் லிவிங்ஸ்டோனியா என்ற தங்கள் மிஷனின் முதல் பணித்தளத்தை அமைத்த இடம். இப்போது சுற்றுலாப் பயணிகள் நீந்த வருகிறார்கள். மலையடியில் சில கல்லறைகள் இருக்கின்றன. அந்த மிஷனின் மருத்துவர் வில்லியம் பிளாக் அங்கே கிடக்கிறார். ஷத்ராக் ங்குனானாவும் அங்கேதான். அவர் வெள்ளைக்காரர் அல்ல. தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளியிலிருந்து விரும்பி வந்த கோசா இளைஞர். இருவரும் இறந்தது 1877-இல். நம் ஊர் மிஷனெரிப் பிரசங்கங்களில் இவர் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஏறக்குறைய ஆறு ஆண்டுகளின் முடிவில், 1881-இல், ஒரே ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார்: ஆல்பர்ட் நமலம்பே. அதே ஆண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் காய்ச்சலுக்கு அஞ்சி வடக்கே பண்டவேவுக்குப் பெயர்ந்தார்கள். தணிக்கைக்கு வந்திருந்தால் நானே சுத்த நட்டம் என்று எழுதியிருப்பேன். ஆனால் அவர்கள் போனபின் கேப் மக்ளியர் பள்ளியையும் ஆராதனையையும் நமலம்பேதான் நடத்தினார்.

கல்லறையைக் காட்டிய பையன் என்னிடமும் துணிக்கடை எங்கே என்றுதான் கேட்டான், வாத்தியார் ஐயா.

கரிசல் வாசகன்:

பசித்தவனுக்குப் பாடம் எதற்கு? மாவு கொடுத்தால் போதாதா?

நாஞ்சில் வாத்தியார்:

கொடுத்தோம் தம்பி. வகுப்புக்கு வந்தவர்களுக்கு மாவு என்று ஒரு பிப்ரவரியில் அறிவித்தேன். பதினோரு பேர் நாற்பது பேரானார்கள். மூட்டை தீர்ந்த வாரம் ஒன்பது பேர். அவர்கள்மேல் தப்பில்லை, அறிவித்தவன் நான். 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று நம் ஊரில் ஏளனமாகச் சொல்வார்களே, அப்படிப்பட்டவர்களை உருவாக்கப் பார்த்தவனும் நான்தான். அடுத்த ஆண்டு மாவை வகுப்பிலிருந்து பிரித்து, ஊர்த் தலைவர் கையில் கொடுத்து, எந்தச் சபை என்று கேட்காமல் பங்கிடச் சொன்னோம்.

வயலில் பாடம் சொன்னவரிடமிருந்து போன வாரம் குரல் பதிவு வந்தது. மழை பிந்திவிட்டதாம், உரம் வாங்க முடியவில்லையாம். எட்டுப் பாடத்தையும் பக்கத்து மூன்று கிராமங்களில் முடித்துவிட்டாராம். ஒன்பதாம் பாடத்தை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்கிறார்.

நான் எட்டுதான் எழுதினேன்.