என்எஸ்டி முதல் முறை சரியில்லை, இரண்டாம் முறை சரி என்கிறார்கள். எதை நம்புவது?

ஆடிக்காற்று:
37 வாரம், முதல் குழந்தை. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. நேற்று செக்கப்பில் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைப் பேப்பரில் பதியும் என்எஸ்டி சோதனை எடுத்தார்கள். 20 நிமிடம் கழித்து சிஸ்டர் பேப்பரைக் கிழித்துப் பார்த்துவிட்டு "ரியாக்டிவாக இல்லை, ஜூஸ் குடித்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க" என்றார். மறுபடி எடுத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் விளக்கம். திரையில் 128, 145, 139 என்று ஓடிக்கொண்டே இருந்த எண் ஒருமுறை 98 என்று காட்டிவிட்டு வெறும் கோடாகிவிட்டது, எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமியார் "இப்படித்தான் பயமுறுத்திக் கடைசியில் ஆபரேஷன் என்பார்கள்" என்கிறார். மச்சான் வீட்டிலேயே குழந்தையின் துடிப்பைக் கேட்க ஆன்லைனில் டாப்ளர் மெஷின் வாங்கி வைத்துக்கொள் என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை 140-க்கு மேல் போனால் பெண் குழந்தை என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேப்பரில் உண்மையில் என்னதான் பார்க்கிறார்கள்? வலி வந்த பிறகும் பெல்ட்டோடு படுத்தே கிடக்க வேண்டுமா?

லேபர்வார்டு அக்கா:
முதலில் அந்த 98. கீழே கட்டிய பெல்ட்டில் இருப்பது டாப்ளர், குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்து வைப்பது. மேலே உச்சியில் கட்டியது வயிறு இறுகுவதைப் பதிவது. நீங்கள் புரண்டாலோ குழந்தை நகர்ந்தாலோ டாப்ளர் விலகி உங்கள் ரத்தக்குழாயின் துடிப்பைப் பிடித்துவிடும். பயந்துபோய்ப் படுத்திருக்கிறவருக்கு நாடி 98 ஓடுவதில் ஆச்சரியமே இல்லை. எண் திடீரென்று இறங்கினால் நாங்கள் முதலில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். கோடு வந்தது சிக்னல் விட்டுப்போனதால்.

பேப்பரில் முதலில் பார்ப்பது அடிப்படைத் துடிப்பு, நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. அதைவிட நான் உற்றுப் பார்ப்பது அந்தக் கோட்டின் நடுக்கத்தை. துடிப்பு 5 முதல் 25 வரை ஏறி இறங்கிக் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்க வேண்டும். 140-லேயே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி தட்டையாக ஓடினால் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது. ஆனால் குழந்தை தூங்கினாலும் கோடு கொஞ்சம் தட்டையாகும், வலிக்குப் போடும் பெத்திடின், பிரஷர் அதிகமானவர்களுக்கு வலிப்பு வராமலிருக்கப் போடும் மெக்னீசியம் ஊசிகளாலும் ஆகும். அப்புறம் குழந்தை அசையும்போது துடிப்பு 15 ஏறி 15 விநாடியாவது நிற்க வேண்டும். 20 நிமிடத்தில் அப்படி இரண்டு முறை வந்தால் ரியாக்டிவ். தூங்குகிற குழந்தை ஏற்றிக் காட்டாது, அதனால் 40 நிமிடம் வரை ஓட்டிப் பார்ப்போம். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

பிரசவ டூட்டி:
அக்கா சொன்னதெல்லாம் சரி. ஜூஸ் மட்டும் எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது, சர்க்கரை கொடுத்ததால் ரிசல்ட் மாறியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அந்த இடைவெளியில் குழந்தை விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பசியோடு வந்தவருக்கு ஜூஸ் நல்லது, குடிக்கட்டும்.

எதை நம்புவது என்றால், இரண்டாவதை. நன்றாக வந்த என்எஸ்டியை நம்பலாம். சரியில்லாமல் வந்ததை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது, வீண் எச்சரிக்கை அவ்வளவு அதிகம். அதனால்தான் மறுபடி எடுப்பது, அதிலும் சரிவராவிட்டால் ஸ்கேன் பார்ப்பது. உங்கள் மாமியார் பயப்படுவதிலும் பாதி நியாயம் இருக்கிறது. 1985-இல் வெளிவந்த டப்ளின் ஆய்வில் சுமார் 13,000 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். அவ்வப்போது மட்டும் துடிப்பைக் கேட்ட குழுவைவிட, பிரசவம் முழுக்க மெஷினில் கண்காணித்த குழுவில் பிறந்த குழந்தைகளுக்கு வலிப்பு பாதியாகக் குறைந்தது, ஆனால் பிற்பாடு மூளை வாதம் (செரிப்ரல் பால்சி) வந்த எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான், கூடவே சிசேரியன் அதிகமானது. எந்தச் சிக்கலும் இல்லாமல் தானாக வலி வந்தவருக்கு முழுநேர பெல்ட் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் சொல்லிவிட்டது. கையில் பிடிக்கும் டாப்ளரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் அப்படிக் கேட்க ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நம் வார்டுகளில் அது எங்கே நடக்கிறது? பெல்ட்டைக் கட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம்.

வலி வரவைக்க டிரிப் போட்டால், முன்பு சிசேரியன் ஆகியிருந்தால், பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்திருந்தால், குழந்தை எடை குறைவென்றால் பெல்ட் வேண்டும், அதில் பேரம் பேசாதீர்கள்.

மல்லிப்பூ:
எனக்கு டிரிப் போட்டுத்தான் வலி வரவைத்தார்கள், முழுநேரமும் பெல்ட். ஒவ்வொரு வலிக்கும் எண் 90 வரை சரிந்து மறுபடி ஏறும். டிரிப்பை நிறுத்தி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் நின்றது. திரும்பப் போட்டதும் மறுபடி சரிவு, கடைசியில் சிசேரியன். குழந்தை வெளியே வந்ததும் வீறிட்டு அழுதது, அப்படியானால் அந்த ஆபரேஷன் தேவையா என்று இன்னும் எனக்குள் ஓடுகிறது. ஒன்று சொல்கிறேன், பெல்ட் கட்டினால் படுத்தே கிடக்க வேண்டும் என்றில்லை. ஒயர் எட்டும் தூரத்தில் நாற்காலி போடச் சொல்லிக் கேட்டேன், போட்டார்கள்.

பிரசவ டூட்டி:
@மல்லிப்பூ வலியோடு சேர்ந்தே இறங்கி வலியோடு ஏறினால் தலை அமுங்குவதால், அது பயமில்லை. வெட்டினாற்போல் சட்டென்று விழுந்து சட்டென்று ஏறுவது தொப்புள்கொடி அழுந்துவதால், பிரசவத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான். வலி உச்சத்தைத் தாண்டிய பிறகு மெதுவாக இறங்கி, வலி போன பிறகும் நிதானமாக ஏறுவதுதான் நஞ்சுக்கொடி திணறுகிறது என்பதன் அறிகுறி. அது திரும்பத் திரும்ப வந்து நடுக்கமும் போய்விட்டால் காத்திருக்க மாட்டோம். உங்கள் பேப்பரைப் பார்க்காமல் தேவையா இல்லையா என்று சொல்ல முடியாது. அழுத குழந்தையை வைத்தும் சொல்ல முடியாது, சரியான நேரத்தில் எடுத்தாலும் அழத்தான் செய்யும்.

ஆடிக்காற்று:
நன்றி, இப்போதுதான் மூச்சு வருகிறது. அப்படியானால் டாப்ளர் மெஷின்?

லேபர்வார்டு அக்கா:
வாங்காதீர்கள். அசைவு குறைந்துவிட்டது என்று உள்மனம் சொல்லும்போது மெஷினை வைப்பீர்கள், உங்கள் துடிப்போ நஞ்சுக்கொடியின் இரைச்சலோ கேட்கும், சரி இருக்கிறது என்று தூங்கிவிடுவீர்கள். அசைவைக் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தால் இடது பக்கம் படுத்து எண்ணுங்கள், 2 மணி நேரத்தில் 10 வரவில்லை என்றால், அல்லது எண்ணுவதற்கு முன்பே மனசு சரியில்லை என்றால், ராத்திரி 2 மணியானாலும் கிளம்பி வாருங்கள். பழைய என்எஸ்டி பேப்பரையும் ஃபைலில் வைத்து எடுத்து வாருங்கள். 140 பெண் என்பது சும்மா: 9 வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் 170 பக்கம் ஓடும், அந்த அத்தை கணக்குப்படி எல்லோரும் பெண்தான்.