விலகுசந்து: ஹாலோ பிளாக் சுவரில் விடும் இடைவெளிக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சுவர் கண்ட இடத்தில் வெடிக்காதிருக்க மேலிருந்து கீழாக விடும் இடைவெளியான கண்ட்ரோல் ஜாயிண்ட் என்பதற்குக் 'கட்டுப்பாட்டு இணைப்பு' என்று நம் குழுவின் ஐயா ஒருவர் சென்ற மடலில் முன்வைத்த சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு குடியிருப்புப் பகுதிக்குச் சமுதாயக் கூடமும் அதை ஒட்டி உள்விளையாட்டரங்கும் வரைந்துகொண்டிருக்கிறோம். கொத்தனார்களுக்கான வேலைக்குறிப்பைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு.

ஹாலோ பிளாக்கில் கட்டும் அரங்கின் நீளச் சுவர் 24 மீட்டர். வாலிபால் ஆடத் தரையிலிருந்து 7 மீட்டர் உயரம் தடையின்றி வேண்டும் என்பதால், சுவர் இடையில் தளம் எதுவும் இல்லாமல் 7.2 மீட்டர், அதாவது 36 வரி (கல் அடுக்கு) எழுகிறது. சூளையில் வெந்த செங்கல் நாள்பட ஈரத்தை வாங்கிச் சற்றே பருக்கும். சிமெண்டில் வார்த்த ஹாலோ பிளாக்கோ காயக் காயச் சுருங்கும். நூற்றுக்கு 0.06 பங்கு சுருங்கினாலே 24 மீட்டருக்கு ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் ஆகிவிடும். அடியில் அஸ்திவாரம் பிடித்து நிறுத்த, மேலே சுவர் சுருங்கப் பார்க்க, எங்காவது பிளந்துதான் தீரும். அந்தப் பிளவு நாம் குறித்த இடத்தில் நேராக விழட்டும் என்றே 6 மீட்டருக்கு ஒன்றாக, 15 கல்லுக்கு ஒருமுறை, தூக்குக்குண்டு நூல் பிடித்தாற்போல் இந்த இடைவெளியை விடுகிறோம்.

முன்பு ஒரு மண்டபத்து வேலையில் நானும் 'இணைப்பு' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். "இணைப்புன்னு போட்டிருக்கே, சேத்துத்தானே கட்டணும்?" என்று கேட்ட கொத்தனார் அண்ணாச்சி, கரண்டி முனையால் கலவையைக் குத்திக் குத்தி அந்த இடைவெளியை நிரப்பி, மேலே வழித்தும் விட்டிருந்தார். அடுத்த கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல வெடிப்பு ஏறியது. அவர்மேல் குற்றமில்லை, சொல் சொன்னதைத்தான் அவர் செய்தார். 'மூட்டு' என்றாலும் மூட்டுதல், தைத்தல் என்ற பொருளே முன்னே நிற்கும்.

ஆனால் இது வெறும் இடைவெளியும் அன்று. இருபுறத்துக் கல் குழிகளிலும் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பி, நடுவில் ரப்பர் பட்டையைச் செருகுகிறோம். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று அவ்வளவு உயரச் சுவரைத் தள்ளும்போது ஒரு பகுதி மற்றொன்றைத் தாங்க வேண்டும். நீளவாக்கில் சுருங்கும்போது தடையின்றி விலக வேண்டும். சேர்ந்தும் விலகியும் இருக்கும் இந்த இரட்டைத் தன்மைக்குச் 'சந்து' என்ற சொல்லே பொருந்துகிறது. இரு வீட்டுக்கு நடுவே இருப்பதும் சந்து. உடம்பில் எலும்போடு எலும்பு பொருந்தி அசையும் இடமும் சந்து. சித்த மருத்துவத்தில் சந்துவாதம் என்பது வழக்கிலுள்ள பெயர். 'சந்தி' என்ற வடசொல்லோடு உறவு காட்டி மறுப்பவர்களுக்காக குறுகிய வழியைக் குறிக்கும் நம் ஊர் 'முடுக்கு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அதில் இடைவெளி இருக்கிறது, பொருத்து இல்லை.

குழுவில் அம்மையார் ஒருவர் முன்மொழிந்த 'சுருங்குசந்து' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆயினும் சுருங்குவது சுவர். சந்து அகலத்தான் செய்கிறது. வினைத்தொகையில் அந்த வினை சந்தின் வினையாகவே படிக்கப்படும். ஆகவே 'விலகுசந்து' என்று முன்மொழிகிறேன். செங்கல் சுவர் பருக்கும்போது இடைவெளி குறுகும் எக்ஸ்பேன்ஷன் ஜாயிண்டுக்கு 'நெருங்குசந்து' என்பது இணையாக அமையும். அதற்கு 'விரிசந்து' என்றால் விரிசல் என்றே காதில் விழுகிறது.

நேற்று வேலையிடத்தில் "இங்கே விலகுசந்து" என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். "அப்போ கலவை அடைக்கக் கூடாதுல்லா?" என்று கொத்தனார் தாமே கேட்டார். குறிப்பு அச்சுக்குப் போகுமுன் மறுப்பு இருப்பவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.