ரட்லர், ஆல்ஸ்டர், மிச்செலாடா: ஊர் மாறினால் கிளாஸில் என்ன வரும்?

மியூனிக் பக்கம்
ரட்லர் என்றால் வெளிர் லாகர் பீர் பாதி, லெமனேட் பாதி. ஒரு மாஸ், அதாவது 1 லிட்டர் கேட்டால் 500 மில்லிக்கு 500 மில்லி. 5% ஆல்கஹால் உள்ள பீர் 2.5% ஆக இறங்கிவிடும். லெமனேட் என்றதும் வீட்டு எலுமிச்சை ஜூஸை நினைக்காதீர்கள். ஸ்ப்ரைட் மாதிரி கேஸ் உள்ள இனிப்பு பானம் அது. ஜூஸை ஊற்றினால் பாதி கிளாஸ் குடிப்பதற்குள் சப்பென்று ஆகிவிடும்.

லாகருக்குப் பதில் கோதுமை பீர் சேர்த்தால் அதன் பெயர் ருஸ். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கோதுமை பீரில் நுரை அதிகம். அதன் தலையில் லெமனேடை ஊற்றினால் பொங்கி மேசையில் வழியும். லெமனேடை முதலில் ஊற்றிவிட்டு, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பீரை ஓரமாக இறக்குங்கள். இரண்டும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும். ஒன்று வெதுவெதுப்பாக இருந்தாலும் கேஸ் பிய்த்துக்கொண்டு போகும்.

பெயர் வந்த வழி
ரட்லர் என்றால் சைக்கிள்காரர். 1922இல் மியூனிக் அருகே டைசன்ஹோஃபனில் உள்ள குக்லர் ஆல்ம் விடுதிக்கு 13,000 சைக்கிள்காரர்கள் வந்து இறங்க, பீர் தீர்ந்துவிடும் என்று ஃபிரான்ஸ் சேவர் குக்லர் லெமனேட் கலந்தார் என்பார்கள். ஆனால் 1912இல் வந்த, பவேரிய எழுத்தாளர் லேனா கிறிஸ்ட்டின் வாழ்க்கைக் குறிப்பிலேயே இந்தப் பானம் இருக்கிறது. குக்லர் அதைப் பரப்பியவராக இருக்கலாம், கண்டுபிடித்தவர் அல்ல.

ஹாம்பர்க், ஆஸ்திரியா
வடக்கே ஆல்ஸ்டர்வாசர் என்று கேளுங்கள். ஆல்ஸ்டர் என்பது ஹாம்பர்க் ஊருக்குள் ஓடும் ஆறு. சில ஊர்களில் ரட்லருக்கும் ஆல்ஸ்டருக்கும் வித்தியாசம் உண்டு: ஒன்றில் எலுமிச்சை, மற்றதில் ஆரஞ்சு. எதில் எது என்பது ஊருக்கு ஊர் தலைகீழாகும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆஸ்திரியாவில் 'புளிப்பு ரட்லர்' என்றால் வெறும் சோடா கலந்தது, இனிப்பே இருக்காது. வெயிலுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

பெர்லின்
பெர்லினர் வைஸ் லாக்டிக் புளிப்பு, அதாவது தயிரில் இருப்பது போன்ற புளிப்பு, உள்ள பீர். 330 மில்லிக்கு 20 மில்லி சிரப் போதும்: சிவப்பு வேண்டுமானால் ராஸ்பெர்ரி, பச்சை வேண்டுமானால் வால்ட்மைஸ்டர் மூலிகை. அகன்ற கிண்ணக் கிளாஸில் சிரப்பை முதலில் விட்டு, அதன்மேல் பீரை ஊற்றினால் தானே கலந்துவிடும். கரண்டி போட்டால் நுரை செத்துவிடும்.

மெக்சிகோ
பெயர்க் குழப்பம் இங்கே இன்னும் அதிகம். மெக்சிகோ சிட்டியில் மிச்செலாடா கேட்டால் பெரும்பாலும் பீர், எலுமிச்சைச் சாறு, உப்பு மட்டும்தான் வரும். சாஸ் வேண்டுமானால் 'குபானா' என்று சொல்லுங்கள். பல ஊர்களில் அந்த எலுமிச்சை, உப்புக் கலவைக்குச் செலாடா என்று பெயர்; அங்கே மிச்செலாடா என்றாலே சாஸ் உண்டு.

355 மில்லி பீருக்கு 30 மில்லி சாறு, வூஸ்டர் சாஸ் மூன்று சொட்டு, மேகி சீசனிங் சாஸ் இரண்டு சொட்டு, மிளகாய் சாஸ் ருசிக்கேற்ப. சாறு அந்தச் சின்னப் பச்சை எலுமிச்சையிலிருந்து, அப்போதே பிழிந்ததாக இருக்க வேண்டும். கிளாஸ் விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து உப்பில் ஒற்றுங்கள். உட்பக்கம் ஒட்டிய உப்பு பீரில் விழுந்தால், ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் குமிழி கிளம்பிப் பொங்கிவிடும். சாற்றையும் சாஸையும் ஐஸோடு அடியில் கலக்கிய பிறகே பீர். அதையும் இரண்டு தவணையாக ஊற்றுங்கள்.