கணையத்தில் சுரக்கும் இன்சுலினைத் தைமஸில் வளரும் டி செல் எங்கே சந்திக்கிறது?

கேள்வி:
சொந்த உடலின் புரதங்களைத் தாக்கக்கூடிய டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியிலேயே களையப்படுகின்றன என்று பாடநூலில் படித்தேன். ஆனால் இன்சுலின் கணையத்தில் அல்லவா சுரக்கிறது? அந்த உறுப்பை எட்டிப் பார்க்காத இளம் செல் அதை எப்படி அறிந்துகொள்ளும்? அச்செல்கள் ஓரிடத்தில் தங்காமல் தைமஸுக்குள் இடம் மாறிக்கொண்டே இருப்பதும் எனக்குப் புரியவில்லை.

மறுமொழி 1:
எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடிச் செல்கள் தைமஸின் புறணியும் (வெளிப்பகுதி) அகணியும் (உட்பகுதி) சேரும் எல்லையில் நுழைந்து, வெளியுறையை நோக்கி நகர்ந்தபடியே புரதத் துணுக்குகளைப் பற்ற உதவும் தம் ஏற்பிக்கான மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. பிறகு, புறணியில் புரதத் துணுக்குகளை ஏந்திக் காட்டும் எம்.எச்.சி. மூலக்கூறுகளை ஓரளவாவது பற்றத் தெரியாதவை சில நாட்களில் மடிகின்றன. தேறியவற்றின் மேற்பரப்பில் சி.சி.ஆர்.7 என்னும் ஏற்பி தோன்றுகிறது. அகணியிலிருந்து கசியும் சி.சி.எல்.21 என்னும் ஈர்ப்புப் புரதம் அவற்றை உள்ளே இழுக்கிறது. அதுவரை மெல்லத் திசையின்றி அலைந்த செல், இப்போது விரைந்து அகணியை நோக்கிச் செல்வதை உயிருள்ள திசுவின் உள்ளே பார்க்க உதவும் இரு ஃபோட்டான் நுண்ணோக்கியில் காணலாம்.

உங்கள் இன்சுலின் அங்கேதான் காத்திருக்கிறது. ‘ஏர்’ என்னும் புரதம் (உழும் ஏருக்கும் இதற்கும் தொடர்பில்லை) அகணியின் எபிதீலியச் செல்களில், வேறு உறுப்புகளுக்கே உரிய ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சிறிதளவு இயக்கிவிடுகிறது. அப்படி உருவாகும் இன்சுலின் துணுக்கை இறுகப் பற்றும் டி செல் பெரும்பாலும் தன்னையே அழித்துக்கொள்கிறது.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு எபிதீலியச் செல் எல்லாப் புரதங்களையும் காட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறு பகுதியை மட்டுமே காட்டுகிறது. ஆகவே டி செல் நாட்கணக்கில் அகணிக்குள் அலைந்து, எபிதீலியச் செல்களையும் அவற்றிடமிருந்து புரதங்களைப் பெற்று டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். சி.சி.ஆர்.7 இல்லாத எலிகளில் டி செல்கள் முதிர்கின்றன. ஆனால் அகணியைச் சரிவரச் சென்றடையாமல் வெளியேறுவதால் சொந்த உறுப்புகளையே தாக்குகின்றன.

கேள்வி கேட்டவர்:
மனிதர்களில் ஏர் பழுதடைந்தால்?

மறுமொழி 1:
அம்மரபணு 1997இல் இனங்காணப்பட்டதே அத்தகைய பரம்பரை நோய் ஒன்றின் வழியாகத்தான். அந்நோயாளிகளின் பாராதைராய்டு, அட்ரீனல் சுரப்பிகள் தாக்கப்படுகின்றன.

மறுமொழி 3:
களையெடுப்பு மட்டுமே காவல் என்று எண்ணிவிடாதீர்கள். பிறந்த மூன்றாம் நாளில் தைமஸ் அகற்றப்பட்ட எலிகளில் தன்னுடல் தாக்குநோய் தோன்றியது. நல்ல எலியின் டி செல்களைச் செலுத்தியபோது அது தடுக்கப்பட்டது. தன்னுடல் புரதத்தைப் பற்றும் செல்களுள் சில, அகணியிலேயே, பிற டி செல்களின் தாக்குதலை அடக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்களாக’ மாறி வெளியேறுகின்றன. ஜப்பானிய நோயெதிர்ப்பியலாளர் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இனங்காட்டியது இவற்றைத்தான். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.