ஃபோம் போர்டில் கட்டிய பைப்பர் கப் விமானத்துக்கு வண்ணம் பூசுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரு பக்கமும் தாள் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டில் பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் ரேடியோ கன்ட்ரோல் மாதிரி ஒன்றைக் கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். இறக்கையின் நீளம் 96 செ.மீ., அகலம் 16 செ.மீ. 2212 மோட்டார், 3 செல் லிப்போ பேட்டரி எல்லாம் சேர்த்து எடை 560 கிராம் வருகிறது. அசல் விமானத்தைப் போலவே உடல் முழுவதும் மஞ்சளும் பக்கவாட்டில் கறுப்பு மின்னல் கோடும் அமைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெட்டி மீந்த துண்டுகளில் முதலில் சோதித்துப் பார்த்தேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரே பெயிண்டை அடித்தபோது, தாள் மூடிய பரப்பு நன்றாகவே வந்தது. ஆனால் வெட்டிய ஓரங்களில் ஃபோம் எலி கொறித்தது போல் உள்வாங்கிவிட்டது. அக்ரிலிக் பெயிண்டில் தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் பூசிய துண்டு, காய்ந்ததும் பூசிய பக்கமாக வளைந்துகொண்டது. இறக்கைக்கு இப்படி ஆனால் விமானம் ஒரு பக்கமாகவே சாயும் என்று அஞ்சுகிறேன். எந்த முறை பாதுகாப்பானது?

முதல் மறுமொழி

ஃபோம் போர்டின் நடுவில் இருப்பது பாலிஸ்டைரீன்; தெர்மாகோலும் அதே பொருள்தான். அசிட்டோன், டொலுயீன், தின்னர் போன்றவை பட்டால் அது கரைந்துவிடும். ஸ்பிரே டப்பாவில் நிறமியைவிட இத்தகைய கரைப்பான்களே அதிகம் என்பதால், தாள் இருந்த இடம் தப்பியது, ஓரம் தப்பவில்லை. ஓரங்களில் ஃபெவிகாலைத் தடவிக் காயவைத்துவிட்டு, தள்ளி நின்று மெல்லிய படலமாக அடித்தால் ஓரளவு தாங்கும். ஆனாலும் இறக்கைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டர் பட்டு தாளில் ஒரு சிறு கீறல் விழுந்திருந்தாலும் கரைப்பான் அதன் வழியே இறங்கி, தாளுக்கு அடியில் குழி பறித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, வானத்தில் இறக்கை மடியும்போதுதான் தெரியவரும். சூப்பர் குளூவையும் இதே காரணத்துக்காகத் தள்ளி வையுங்கள்.

இரண்டாம் மறுமொழி

அக்ரிலிக்கே சரியான தேர்வு. உங்கள் துண்டை வளைத்தது அதில் இருந்த தண்ணீர். ஈரத்தில் தாள் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. ஒரு பக்கத் தாள் மட்டும் சுருங்கினால் போர்டு அந்தப் பக்கமாக இழுபடாமல் வேறு என்ன செய்யும்? ஆகவே தண்ணீரைத் தாளுக்குள் இறங்கவிடாமல் தடுப்பதுதான் முதல் வேலை. மரச்சாமான்களுக்குப் பூசும், தண்ணீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும். தின்னர் கலக்கச் சொல்லும் வகையை வாங்கிவிடாதீர்கள். அந்த வார்னிஷைத் தண்ணீர் சேர்க்காமல், சிறிய ஸ்பாஞ்ச் ரோலரால், பரப்பு நனைந்தும் நனையாததுமாகத் தெரியும் அளவுக்கு மட்டும் இரு பக்கமும் உருட்டுங்கள். தட்டையான பாகங்களை, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும், சமமான மேசையில் பழைய கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து முழுவதும் காயவிடுங்கள். மடித்து ஒட்டிவிட்ட இறக்கை பெட்டி போன்ற அமைப்பு என்பதால் எளிதில் வளையாது. மேலும் கீழும் ஒரே நாளில் பூசினால் போதும். மழைக்காலத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

வார்னிஷ் காய்ந்த பிறகு மேலே தாள் நார்கள் சிலிர்த்து நிற்கும். 400 எண் உப்புத்தாளால் அழுத்தாமல் ஒருமுறை தடவிவிட்டு மஞ்சளைப் பூசலாம். மஞ்சள், அடியில் உள்ளதை மறைக்கும் சக்தி குறைந்த நிறம். உங்கள் போர்டு வெள்ளையாக இருந்தால் இரண்டு மெல்லிய பூச்சில் வேலை முடிந்துவிடும். பழுப்புத்தாள் ஒட்டிய போர்டாக இருந்தால் முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு தேவைப்படும், அதுவும் எடைதான். பிரஷ் தடிமனாகப் பூசும் என்பதால் ரோலரையே பயன்படுத்துங்கள்.

மூன்றாம் மறுமொழி

முந்தைய நண்பரின் முறை நல்ல முறைதான்; ஆனால் எடைக் கணக்கைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். உங்கள் விமானத்தில் பூச வேண்டிய பரப்பு ஏறத்தாழ அரை சதுர மீட்டர் வரும். இரண்டு பூச்சுகள் காய்ந்த பிறகு சுமார் 40 கிராம் தங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 560 கிராம் விமானத்துக்கு அது பெரிய சுமையன்று. அந்த 40 கிராமில் எவ்வளவு வாலில் சேர்கிறது என்பதுதான் கேள்வி.

கப் விமானத்துக்கு மூக்கு குட்டை, வால் நீளம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 48 செ.மீ., மூக்கு 16 செ.மீ. தொலைவில் இருந்தால், வாலில் ஏறும் 8 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 24 கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 4 முதல் 4.8 செ.மீ.க்குள், அதாவது அகலத்தில் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். அதைவிடப் பின்னுக்குப் போன விமானம், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரைத் தொட்டாலே துள்ளும். எனவே பேட்டரியின் இடத்தை வண்ணம் பூசி முடித்த பிறகே நிலையாக முடிவு செய்யுங்கள். வாலுக்கு மட்டும் பெயிண்டுக்குப் பதிலாக மஞ்சள் பேக்கிங் டேப்பை ஒட்டலாம் என்பது என் கருத்து. எடை குறைவு, வளைப்பதில்லை, புல்லின் ஈரமும் ஏறாது. இரண்டு மஞ்சளும் ஒன்றாக இருக்காதுதான். 30 மீட்டர் உயரத்தில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. எலிவேட்டர், ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) ஆகியவற்றின் மடிப்பில் தாளையே கீலாக விட்டிருக்கிறேன். அங்கே பெயிண்ட் படலாமா? மின்னல் கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால் தாள் உரிந்து வந்துவிடாதா?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

கீலில் வார்னிஷும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். ஊறிய தாள் ஃபோமை விட்டுப் பிரியும்; பெயிண்ட் காய்ந்தால் மடிப்பு விறைத்து, அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ வீணாகத் திணறும். அந்தக் கோட்டை முன்கூட்டியே டேப்பால் மூடிவிடுங்கள். கீலுக்கு அதுவே வலுவும் தரும்.

மாஸ்கிங் டேப்பை முதலில் சட்டையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையின் வேகத்தைக் குறைத்துவிட்டு விமானத்தில் ஒட்டுங்கள். டேப்பின் ஓரத்தில் மீண்டும் கொஞ்சம் மஞ்சளைத் தடவிக் காயவிட்டு, அதன்மேல் கறுப்பைப் பூசினால், கசிவதெல்லாம் மஞ்சளாகவே இருக்கும். கோடு கூர்மையாக வரும். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் ரேடியம் கடையில் கறுப்பு வினைலில் வெட்டித் தரச் சொல்வது இன்னும் எளிது.

அங்கே போனால் பதிவெண்ணையும் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். 1938 முதல் 1947 வரை பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் தயாரான ஜே-3 விமானங்களில், என்சி என்று தொடங்கும் எண் வலது இறக்கையின் மேற்புறத்திலும் இடது இறக்கையின் அடிப்புறத்திலும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அந்த மரபை அப்படியே பின்பற்றினால், தலைக்கு மேலே பறக்கும்போது கறுப்பு எழுத்து தெரியும் பக்கம் இடது என்று உடனே விளங்கும். முழுவதும் மஞ்சளான விமானத்தில் திசை குழம்பாமல் இருக்க இது போதும். இறக்கையின் பெரும்பகுதியைக் கறுப்பாக்கிவிடாதீர்கள், கோடை வெயிலில் கறுப்பு பரப்பு சூடேறினால் அடியிலுள்ள ஹாட் குளூ (உருக்கி ஒட்டும் பசை) இளகிவிடும்.