அரசுப் பள்ளிக்குச் சூரிய மின்சாரம்: 20 கிலோவாட் தேவைதானா?

கேள்வி: வேதாரண்யம் பகுதி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யத்துக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். முன்னாள் மாணவர்கள் சிலர் பணம் திரட்டிப் பள்ளிக்குச் சூரிய மின்சாரம் அமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். பார்வையிட வந்த நிறுவனத்தார் மொட்டை மாடியை அளந்து, 2,200 சதுர அடி இருப்பதால் 20 கிலோவாட் போடலாம் என்று கூறி, 11 லட்சம் ரூபாய்க்கு விலைப்புள்ளி தந்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் மாதத்துக்குச் சராசரியாக 600 யூனிட் செலவாகிறது. பழைய மின்விசிறிகள் 40, கணினி ஆய்வகம் ஒன்று, தண்ணீர் மோட்டார் ஒன்று ஆகியவையே முக்கியமானவை.

இன்னொரு கவலையும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபின் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்போது பள்ளி வகுப்பறைகளில் தங்கியிருந்த குடும்பங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் இரவைக் கழித்தன. அத்தகைய நாட்களில் இந்தத் தகடுகள் கைகொடுக்குமா? மாடியின் தென்மேற்கு மூலையில் நிழல் தரும் வேப்பமரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்

வணக்கம் ஐயா. மாடியின் பரப்பை வைத்து அளவை முடிவு செய்வது தவறு. பள்ளி பகலில் எவ்வளவு செலவழிக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நம் மாநிலத்தில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 20 கிலோவாட் என்றால் மாதத்துக்கு 2,400 யூனிட். உங்கள் தேவையோ 600. மிஞ்சியது மின்வாரியக் கம்பிக்குப் போகும். வீடுகளுக்குள்ள நெட் மீட்டரிங் (வெளியே அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளும் முறை) வேறு, பள்ளி போன்ற இணைப்புகளுக்குள்ள முறை வேறு. வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். அதிலும் வெயில் முழுவீச்சில் அடிக்கும் மே மாதத்தில் பள்ளி பூட்டிக் கிடக்கும் என்பதை நிறுவனத்தார் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. கையெழுத்திடுவதற்கு முன், உங்கள் இணைப்புக்கு எந்த முறை, என்ன விலை என்பதைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள்.

முதலில் மின்விசிறிகளை மாற்றுங்கள். பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை விசிறிக்கு 30 வாட் போதும். 40 விசிறிகள் ஆறு மணி நேரம் ஓடினால் இப்போது 18 யூனிட் செலவாகிறது. மாற்றினால் 7 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகும். மாதத்துக்கு 22 வேலை நாட்கள் என்று வைத்தால், பள்ளியின் ஒரு நாள் செலவு 27 யூனிட்டிலிருந்து 16 யூனிட்டுக்கு இறங்கிவிடும். அதற்கு 5 கிலோவாட் தாராளம். விசிறிகளுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல், தகடுகளுக்கு மூன்று லட்சத்தை ஒட்டி என்று வைத்தாலும், சொல்லப்பட்ட தொகையில் பாதிகூட ஆகாது.

மரத்தை வெட்ட வேண்டாம். 5 கிலோவாட்டுக்கு 500 சதுர அடி போதும் என்பதால், அந்த மூலையை விட்டுவிட்டுத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகைச் சரிவில் அமைக்கலாம். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மேல் விழும் நிழல் அந்த வரிசையையே பாதிக்கும் என்பது உண்மைதான். அதற்குத் தகடுகளை நகர்த்தினால் போதும்.

பதில்: தலைமையாசிரியை, இராமநாதபுரம் மாவட்டம்

எங்கள் பள்ளியில் அமைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பட்ட அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அமைத்தவர்கள் தாங்கிச் சட்டத்துக்காகக் கூரையைத் துளையிட்டு போல்ட் அடித்தார்கள். முதல் ஐப்பசி மழையிலேயே எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்கு மேலே நீர் கசிந்து, சுவர் முழுவதும் பழுப்புக் கோடுகள் இறங்கின. பிள்ளைகளை வேறு வகுப்பில் உட்கார வைத்துவிட்டுப் பூச்சு வேலைக்குத் தனியாகப் பணம் தேட வேண்டியதாயிற்று. ஆகவே கூரையைத் துளையிடாமல் கான்கிரீட் பீடங்களின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். புயல் காற்று தகட்டின் அடியில் புகுந்து தூக்கும் என்பதால் பீடங்களின் எடையைப் பொறியாளர் கணக்கிட்டே தீர வேண்டும். அந்த எடையைக் கட்டடம் தாங்குமா என்பதற்குப் பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்றையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்பதால், ஐ.இ.சி. 61701 என்னும் உப்புப்பனிச் சோதனையில் தேறிய தகடுகளைக் கேளுங்கள். துடைப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள். நாங்கள் அப்படிச் செய்ததில் கண்ணாடியெங்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் படிந்து, தேய்த்தாலும் போகவில்லை. இப்போது மழைநீர்த் தொட்டியில் சேரும் நீரை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெயில் ஏறுமுன் துடைக்கிறோம். மாணவர்களை மட்டும் இந்த வேலைக்கு ஏற்றவே கூடாது. தகட்டு வரிசையில் ஓடும் நேர்மின்சாரம் பல நூறு வோல்ட் இருக்கும். மாடிக் கதவின் சாவி என் மேசையில்தான் இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்

புயல் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல விட்டுப்போயிற்று. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் வகைக்கு மாற்றும் கருவி), கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்; கம்பத்தில் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. எனவே 20 கிலோவாட் போட்டிருந்தாலும் கஜா நாட்களில் ஒரு விளக்குகூட எரிந்திருக்காது. கம்பியில் மின்சாரம் நின்றாலும் பேட்டரியைக் கொண்டு ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் சேமிக்கும் லித்தியம் பேட்டரியும் வைத்தால், 12 எல்.இ.டி. விளக்குகள், ஆறு விசிறிகள், கைப்பேசிகளுக்கு மின்னேற்றம் ஆகியவற்றை எட்டு மணி நேரம் ஓட்டலாம். மோட்டாரை அதில் சேர்க்காதீர்கள். அது கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு. மேல்நிலைத் தொட்டியைப் புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பி வைத்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளி மேலாண்மைக் குழு வரும் வெள்ளிக்கிழமை கூடுகிறது. விசிறிகளை முதலில் மாற்றுவது, 5 கிலோவாட் ஹைப்ரிட் அமைப்புக்குப் புதிய விலைப்புள்ளி கேட்பது ஆகிய இரண்டையும் அங்கே வைக்கிறேன். தங்குவதற்குத் திறந்துவிடும் நான்கு வகுப்பறைகளுக்கு மட்டும் தனி வயரிங் இழுத்துப் பேட்டரியோடு இணைக்க எவ்வளவு ஆகும் என்று எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனிடம் இன்றே கேட்டிருக்கிறேன்.